அணியத்தைத் தனியாக வரையாதீர்கள்

படகின் முன்முனையை எங்கள் ஊரில் அணியம் என்போம், பின்முனையை அமரம் என்போம். காரைக்கால் கடற்கரையில் அப்பா கட்டுமரம் தள்ளும்போது இந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1978இல் பிரான்சுக்கு வந்தேன். அட்லாண்டிக் கரையில் லா ரோஷெல் ஊரின் படகுப் பட்டறை ஒன்றில் மரத்தூள் பெருக்கும் வேலை. பிறகு தச்சு, பிறகு கண்ணாடியிழை, பிறகு வரைபலகை. நாற்பது ஆண்டுகள் அப்படியே போயின.

நான் வந்த அந்த ஆண்டு நவம்பரில்தான் முதல் ரூட் டு ரம் பந்தயம் நடந்தது. பிரான்சின் சாந் மாலோவிலிருந்து கரீபியன் கடலின் குவாதலூப் வரை, படகுக்கு ஒருவர் மட்டும். 21 மீட்டர் நீளமுள்ள ஒற்றை உடல் படகான கிரித்தேர் 5ஐ, 12 மீட்டர்கூட இல்லாத ஒரு மஞ்சள் டிரைமரான், அதாவது மூன்று உடல் படகு, 98 வினாடிகளில் முந்தியது. ஓட்டியவர் கனடாக்காரர் மைக் பர்ச். செய்தி வந்த அன்று எங்கள் பட்டறையில் ஒருவரும் உளியைத் தொடவில்லை. பல உடல் படகுகளின் மீது எனக்குப் பிடித்த பைத்தியம் அன்று தொடங்கியது.

இப்போது கப்பல் கட்டுமானம் படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: “ஐயா, எந்த அணியம் நல்லது? நேராக நிற்பதா, பின்னால் சாய்ந்ததா?” தம்பி, தங்கச்சி, இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

1. பெயர் வேறு, வடிவம் வேறு என்று தெரிந்து தொடங்குங்கள்.

கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, சோழமண்டலக் கரையில் கேட்ட அந்தச் சொல்லை 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார். ஆனால் இரண்டு மெல்லிய உடல்களைத் தள்ளி வைத்துக் குறுக்குவிட்டம் போட்டு இணைக்கும் வடிவம் பசிபிக் தீவுகளின் பாலினேசியர்களுடையது. அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது.

நம் மரத்திலிருந்து கற்க வேண்டியது இன்னொன்று. கட்டைகளை நெருக்கிக் கட்டிய மிதவை அது. அலை மேலேறி வந்தால் கட்டைகளுக்கு இடையே வழிந்து போய்விடும். முன்னால் மட்டும் மேல்நோக்கி வளைந்த துண்டுகளை வைத்துக் கட்டுவார்கள். உடல் அலையை விட்டுவிடுகிறது, மூக்கு அலைமேல் ஏறுகிறது. எதை விட்டுவிடுவது, எதன்மேல் ஏறுவது என்ற அந்தப் பங்கீட்டைத்தான் இன்றைக்குக் கணினி வைத்துக்கொண்டு நாமும் செய்கிறோம்.

கட்டின் இளக்கமும் நாம் கற்க வேண்டியதுதான். 1876இல் நியூயார்க் பந்தயத்தில் அமரில்லிஸ் என்ற கேட்டமரானைக் கொண்டுவந்து எல்லாரையும் முந்திய அமெரிக்கர் நாதானியேல் ஹெரெஷாஃப், இரண்டு உடல்களும் தனித்தனியே மூக்கை ஏற்றி இறக்கும்படி மூட்டு வைத்திருந்தார். (பரிசு என்ன? அந்த வகைப் படகுகளை மற்றவற்றோடு போட்டியிட விடாமல் ஒதுக்கினார்கள்.) பிரிட்டனின் ஜேம்ஸ் வாரம் தன் படகுகளில் விட்டங்களைக் கயிற்றாலேயே கட்டினார்.

2. ஒற்றை உடல் படகில் கற்றதை அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

ஒற்றை உடல் படகின் நீளம் அதன் அகலத்தைப்போல மூன்று, நான்கு மடங்கு இருக்கும். பயணக் கேட்டமரானின் ஒவ்வோர் உடலும் நீர்க்கோட்டில் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு. பந்தயப் படகில் பதினைந்தையும் தாண்டும். இவ்வளவு மெலிந்த உடல் கிளப்பும் அலை சிறியது, அதனால்தான் வேகம். மெல்லிய உடல் கிளப்பும் அலையின் தடையைக் கணக்கிடும் வழியை ஆஸ்திரேலியக் கணித அறிஞர் ஜான் ஹென்றி மிச்செல் 1898இலேயே எழுதிவிட்டார். இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு அது உதவும். படித்துப் பாருங்கள்.

அதோடு, திடீர்க் காற்று அடித்தால் ஒற்றை உடல் படகு சாய்ந்துகொடுக்கும். பாய் காற்றைக் கொட்டிவிடும். கேட்டமரான் சாயாது. அதே காற்று அதே பாயைப் பிடித்து முன்னே தள்ளும், தள்ளும்போது மூக்கைக் கீழே அழுத்தும். ஒற்றை உடல் படகு பக்கவாட்டில் கட்டும் கடனை நம் படகு முன்பக்கமாகக் கட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கடன் வந்து விழும் இடம் அணியம்.

3. அணியம் முங்குவதைக் கண்டு பயப்படாதீர்கள். படகு நிற்பதைக் கண்டு பயப்படுங்கள்.

இதைக் கணக்கோடு சொல்கிறேன், காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். 12 மீட்டர் கேட்டமரான், எடை 5 டன். பின்காற்றில் பாய் 500 கிலோ விசையோடு முன்னே தள்ளுகிறது. அந்த விசை செயல்படும் இடம் நீருக்கு மேலே சுமார் 8 மீட்டர் உயரம் என்று வையுங்கள். 500 கிலோ × 8 மீட்டர் = 4,000 கிலோகிராம்-மீட்டர்; இதுதான் திருப்புத்திறன். இதைத் தாங்க, 5,000 கிலோ எடையைத் தூக்கும் நீரின் மிதப்பு மையம் 80 சென்டிமீட்டர் முன்னே நகர வேண்டும். ஓரளவு நன்றாக வரைந்த உடலில் அணியம் ஒரு சாண் அளவுக்குக் கீழே இறங்கினால் போதும், கணக்கு நேராகிவிடும். இதில் ஆபத்து ஒன்றும் இல்லை.

ஆபத்து அடுத்த நொடியில் இருக்கிறது. பின்னாலிருந்து 25 நாட் காற்று, படகு ஓர் அலையின் சரிவில் 15 நாட் வேகத்தில் இறங்குகிறது. பாய் உணரும் காற்று 10 நாட் மட்டுமே. முன்னால் நிற்கும் அலையின் முதுகில் அணியம் நுழைகிறது, தளம்வரை முங்குகிறது, தளத்தின் மேல் தண்ணீர் ஏறி உட்காருகிறது. வேகம் 7 நாட்டாகிறது. இப்போது பாய் உணரும் காற்று 18 நாட். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 10க்கும் 18க்கும் இடையே விசை மூன்று மடங்குக்கும் மேல். கூடவே, 5 டன் எடை திடீரென்று தடைபட்டால் அந்த எடையும் பாய்மரமும் சேர்ந்து முன்னே உருளப் பார்க்கும். இரண்டு நொடியில் 15 நாட்டிலிருந்து 7க்கு இறங்கினால், அந்த உந்தமே கிட்டத்தட்ட 1,050 கிலோ விசை. இவை எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சேரும்போதுதான் படகு மூக்கை ஊன்றிக் குட்டிக்கரணம் போடுகிறது.

ஆகவே நீங்கள் அணியத்திடம் கேட்க வேண்டியது, ‘நீ முங்குவாயா?’ என்பதல்ல. ‘முங்கினால் எவ்வளவு மெதுவாக நிறுத்துவாய்?’ என்று கேளுங்கள். பருத்த அணியம் எளிதில் முங்காது, ஆனால் ஒவ்வோர் அலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படகை நிறுத்தும். மெலிந்த அணியம் அலையை அறுத்துப் போகும், ஆனால் தட்டையான தளம் தண்ணீருக்குள் போனதும் ஒரேயடியாக நிறுத்தும். இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் கோட்டை எங்கே இழுப்பது என்பதுதான் முழு வேலையும். பந்தயப் படகில் தளத்தின் விளிம்பை உருட்டிக் குறுக்குவது இதற்காகத்தான்: தண்ணீர் உட்கார இடமிருக்காது, வழுக்கி விழும்.

4. அணியத்தைத் திருத்த வேண்டுமானால் முதலில் அமரத்தைப் பாருங்கள்.

இதை நான் கற்ற விதத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருவருக்கு அடிபட்டது.

1990களின் தொடக்கத்தில் ஒரு பட்டறைக்காகப் பயணக் கேட்டமரான் ஒன்றை வரைந்தேன். பந்தயப் படகுகளின் அணியம் அப்போது என் கண்ணை விட்டு அகலவில்லை. கத்தி மாதிரி இழுத்தேன். பின்னால் இரண்டு பெரிய அறைகள் வேண்டும், இயந்திரங்களும் பின்னால்தான் என்றார்கள். சரி என்று அமரத்தை நீருக்குள்ளேயே அகலமாக வைத்தேன். துறைமுகத்தில் மிதந்தபோது அழகாக இருந்தது. ஓட்டிப் பார்த்த நாளும் அமைதியான நாள்.

லா ரோஷெலிலிருந்து ஸ்பெயினின் அ கொருன்யாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டோம். பிஸ்கே விரிகுடாவில் வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து ஏறியது. இரவு. ஒவ்வோர் அலையும் வந்து அந்த அகலமான அமரத்தைத் தூக்கியது. தூக்கிய அளவுக்கு அணியம் கீழே போனது. நான் சுக்கானில் இருந்தேன். அலை பெரிதாவதைப் பார்த்தும், வேகத்தின் மயக்கத்தில் பாயைக் குறைக்கவில்லை. ஒருமுறை இரண்டு அணியமும் குறுக்குவிட்டம்வரை போயின. முன்னால் இரண்டு உடல்களுக்கு நடுவே கட்டிய வலைவழியே கறுப்புத் தண்ணீர் பொங்கி மேலேறியது. படகு சுவரில் முட்டியதைப்போல நின்றது, பிறகு மெல்ல மேலே வந்தது. முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்த இளைஞன் தடுப்புச்சுவரில் போய் மோதினான். காறை எலும்பு முறிந்தது. அந்தப் பையனின் முகத்தை இன்றும் மறக்கவில்லை.

பிழை அணியத்தில் மட்டும் இருக்கவில்லை. மூழ்கிய உடலின் மையம் ஓரிடத்தில் இருக்கும். நீர்மட்டத்தில் உடலை வெட்டிப் பார்த்தால் அந்த வெட்டுமுகத்தின் மையம் இன்னோரிடத்தில் இருக்கும். கூர் அணியமும் அகல அமரமும் சேர்ந்தால் இரண்டாவது மையம் வெகுவாகப் பின்னால் போய்விடும். அப்படிப்பட்ட படகை அலை தூக்கும்போதெல்லாம் அது மூக்கை ஆட்டிக்கொண்டே எழும். அடுத்த படகில் நான் அணியத்தை ஒரு விரல்கூடப் பருக்க வைக்கவில்லை. அமரத்தை நீர்மட்டத்தில் ஒடுக்கி, அகலத்தை அதற்கு மேலே கொண்டுபோனேன். பின்னறைக் கட்டில் சிறிதாயிற்று, உரிமையாளர் முகம் சுளித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

5. சாய்வு என்பது பார்வைக்கு முதலில் படுவது. கடைசியில் முடிவு செய்ய வேண்டியது.

முன்சாய்ந்த அணியம் பழைய வடிவம். மேலே போகப்போக நீளும், விரியும். முங்க முங்க மிதப்பு கூடிக்கொண்டே வரும். தளம் உலர்ந்திருக்கும். மிதக்கும் கட்டையையோ மிதவைக் கயிற்றையோ கீழே அழுத்தி மேலேறிப் போகும். குறை என்னவென்றால், மொத்த நீளத்தில் ஒரு பகுதி காற்றில் தொங்குகிறது. துறைமுகத்தில் மீட்டர் கணக்கில் வாடகை கொடுப்பவருக்கு அது வீண் செலவு.

நேர்குத்து அணியம் அந்த நீளம் முழுவதையும் தண்ணீரில் இறக்கிவிடுகிறது. நீர்க்கோடு நீண்டால் வேகமும் கூடும், மூக்கை ஊன்றாத பலமும் கூடும். இன்று பயணக் கேட்டமரான்களில் பெரும்பாலானவை இந்த வடிவத்துக்கு வந்ததற்குக் காரணம் இதுதான். என் கையும் இதற்கே பழகியது. பயணப் படகுக்கு நேர்குத்து அணியம், மேலே வெளிப்பக்கம் மட்டும் கொஞ்சம் விரிவு. இதை மாற்றச் சொல்லி வருபவர்களிடம் நான் வலுவான காரணம் கேட்பேன்.

பின்சாய்ந்த அணியம் பிறந்தது விதிப்புத்தகத்தில். மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்தால், அந்த நீளத்தை நீர்மட்டத்தில் எடுத்துக்கொண்டு மேலே இருப்பதை வெட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். முனையில் எடை குறையும், காற்றுத் தடை குறையும், முங்கினால் மென்மையாக நுழைந்து மென்மையாக வெளியேறும். ஆனால் முங்கிய பிறகு மேலே தூக்க அங்கே கையிருப்பு மிதப்பு குறைவு. தளம் எந்நேரமும் ஈரம். துறைமேடையில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரியாமல் நீர்மட்டத்தில் ஒரு முனை முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். முட்டிய பிறகுதான் தெரியும். விதியின் நெருக்கடியே இல்லாத குடும்பப் படகில் அதை அழகுக்காக வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சற்றே, கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்வு என்றால் தீங்கில்லை.

6. பந்தயப் படகைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அது யாருக்காக வரையப்பட்டது என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.

பந்தயப் படகில் தூங்குபவர்கள்கூடக் கால்களை முன்புறமாக வைத்துத் தூங்குவார்கள், படகு திடீரென்று நின்றால் தலை போய் மோதக் கூடாது என்பதற்காக. பாயின் கயிறு எப்போதும் ஒருவர் கையில் இருக்கும். உங்கள் பயணப் படகில் சுக்கானைத் தானியங்கி பிடித்திருக்கும், அப்பா சமையலறையில் இருப்பார், பிள்ளை வலையில் படுத்துப் புத்தகம் வாசிக்கும். அணியத்தின் கையிருப்பு மிதப்பு அந்தக் கவனக்குறைவுக்காக வைக்கும் சேமிப்பு.

பந்தயக்காரர்களுக்கும் அந்தச் சேமிப்பு தீர்ந்துபோவதுண்டு. அமெரிக்கர் ஸ்டீவ் ஃபாசெட்டின் பிளேஸ்டேஷன் 1998இல் 105 அடிக் கேட்டமரானாக இறங்கியது. 2000இல் புதிய அணியங்கள் வைத்து அதை 125 அடிக்கு நீட்டினார்கள். எவ்வளவு பணம், எவ்வளவு எடை! ஆனால் 2004இல் அதே படகு, ஷெயென் என்ற பெயரில், 58 நாளில் உலகைச் சுற்றி வந்தது. நீளம் என்பது மூக்கை ஊன்றாமலிருக்க நாம் வாங்கக்கூடிய மருந்துகளில் மிக நேர்மையானது என்று நான் சொல்வது இதனால்தான்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பிரிட்டனின் பீட் காஸ் 120 அடி நீளத்தில் டீம் பிலிப்ஸ் என்ற கேட்டமரானைக் கட்டுவித்தார். ஊசிபோன்ற உடல்கள், அலைமேல் ஏறாமல் ஊடுருவிப் போக வேண்டும் என்பது எண்ணம். 2000 மார்ச்சில் சில்லித் தீவுகளுக்கு அருகே ஓட்டிப் பார்த்தபோது இடது உடலின் முன்பகுதி முறிந்து பிரிந்தது. சரிசெய்து மறுபடி கடலுக்குப் போனார்கள். அந்த டிசம்பரில், அட்லாண்டிக் புயலின் நடுவே, ஏழு பேரும் படகைக் கைவிட்டு ஒரு சரக்குக் கப்பலில் ஏற நேர்ந்தது. எல்லாரும் பிழைத்தார்கள். மெல்லிய நீண்ட முனை ஒரு நெம்புகோல்; அலை அதன் நுனியைப் பிடித்து அசைக்கும்போது வளைவு முழுவதும் முதல் குறுக்குவிட்டத்தின் அடியில் வந்து சேரும். மெலிவு கேட்டால் அந்த இடத்துக்கான வலுவையும் சேர்த்தே கேளுங்கள்.

2012 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஆரக்கிள் என்ற பந்தய அணியின் 72 அடிக் கேட்டமரான், காற்றை விட்டுத் திரும்பும்போது அணியம் முங்கிக் குப்புறக் கவிழ்ந்தது. உலகின் தேர்ந்த மாலுமிகள், பின்சாய்ந்த அணியம், செலவுக்குக் குறைவில்லாத அணி. காற்றுக்கு எதிராகப் போகும் படகு பின்காற்றுக்குத் திரும்பும் அந்தச் சில நொடிகள்தான் அணியத்துக்கு மிகக் கடினமான சோதனை. உங்கள் வடிவத்தை அந்த நொடிக்கு வைத்துக் கணக்குப் போடுங்கள், நேர்க்கோட்டு ஓட்டத்துக்கு அல்ல.

7. ஊடுருவும் அணியம் வேண்டுமென்றால் மாற்று ஏற்பாடும் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இன்கேட் நிறுவனம் கட்டும் அலை ஊடுருவும் பயணிக் கப்பல்களைப் பாருங்கள். பாயில்லாத கப்பல்கள்தான், ஆனால் பாடம் நமக்கானது. அவர்கள் கட்டிய 74 மீட்டர் கப்பல் ஒன்று 1990இல் அட்லாண்டிக்கை அதிவேகமாகக் கடந்து ஹேல்ஸ் கோப்பையை வென்றது. இரண்டு பக்கமும் கத்திபோன்ற உடல்கள், நடுவில் நீரைத் தொடாமல் உயரத்தில் ஒரு மூன்றாவது அணியம். அமைதியான கடலில் அதற்கு வேலையில்லை. பக்கத்து உடல்கள் அளவுக்குமேல் முங்கும்போது அது தண்ணீரைத் தொட்டுத் தூக்கும். பக்கத்தில் எடுத்துக்கொண்ட மிதப்பை நடுவில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

8. சாமான் ஏறிய பிறகு அது என்ன படகு என்று பாருங்கள்.

மேலே சொன்ன 12 மீட்டர் படகின் இரண்டு உடல்களும் நீர்மட்டத்தில் சேர்ந்து சுமார் 20 சதுர மீட்டர். அப்படியானால் 200 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் அமிழும். ஒரு டன்னுக்கு 5 சென்டிமீட்டர். குடும்பம் ஒன்று கடல் கடக்கப் புறப்பட்டால் தண்ணீர், டீசல், அரிசி, கருவிகள், சிறு படகு என்று இரண்டு டன் ஏறுவது சாதாரணம். நீங்கள் வரைந்த கூர்மையான நீர்க்கோடு இப்போது நீருக்கடியில் இருக்கும். அலை சந்திப்பது அதற்கு மேலுள்ள, நீங்கள் யோசிக்காமல் விட்ட பகுதியை.

அதைவிட மோசம், எதை எங்கே வைக்கிறார்கள் என்பது. அணியத்துக்குள் காலியிடம் விட்டால் யாராவது அங்கே எதையாவது வைத்தே தீருவார்கள். மூக்காட்டத்துக்கு எடையின் தூரம் வர்க்கத்தில் கணக்கு: நடுவிலிருந்து 1 மீட்டரில் இருக்கும் 50 கிலோவை 5 மீட்டருக்குக் கொண்டுபோனால் அதன் கெடுதல் 25 மடங்கு. 10 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி 60 மீட்டர் என்றால் 130 கிலோவுக்கு மேல். அதனால்தான் நல்ல கேட்டமரான்களில் சங்கிலிப் பெட்டி பாய்மரத்துக்கு அருகே இருக்கிறது. அணியத்தின் மூடியைச் சிறிதாக வரையுங்கள். பெரிய மூடி பெரிய ஆசையைக் கிளப்பும்.

9. இரண்டு அணியத்துக்கு நடுவே உள்ள வெளியும் உங்கள் வரைபடம்தான்.

ஒவ்வோர் அணியமும் கிளப்பும் அலை உள்பக்கமாக வந்து நடுவில் சந்தித்துக் குவியும். அதன் தலை நடுத்தளத்தின் அடியில் அறையும். இரவு முழுவதும் பெட்டியைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம் கேட்கும் படகுகளில் நான் பயணம் செய்திருக்கிறேன். மூன்றாம் நாள் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். உள்பக்கம் விரிவு வைத்தால் அறைக்கு இடம் கிடைக்கும், ஆனால் அலை போகும் வழி குறுகும். அந்த விரிவுக்காக உடலில் மடிப்பு வைத்தால் உயரத்தில் வையுங்கள். முன்பக்கம் வலைதான், உறுதியான தளம் போட ஆசைப்படுபவரிடம், அது முங்கும்போது தண்ணீரை அள்ளும் முறமாகிவிடும் என்று சொல்லுங்கள்.

10. டிரைமரானில் மூன்று அணியம் உண்டு, மூன்றுக்கும் மூன்று வேலை.

நடு உடல் மெலிந்திருக்கலாம். பக்க உடல்களை மிதவை என்போம்; காற்று போகும் பக்கத்து மிதவையின் அணியம்தான் சுமை தாங்கி. டிரைமரான் நேர் முன்னால் கவிழாது, அந்த மிதவையின் மூக்கின் மேல் குறுக்காகக் கவிழும். 1960களில் மிதவைகள் சிறியவை, பாய் அதிகமானால் அவை அமிழ்ந்து எச்சரிக்கட்டும் என்று நினைத்தார்கள். இன்று ஒரே மிதவை படகு முழுவதையும் தாங்கும், அதற்கு மேலும் தாங்கும். மிதப்பு கூடியதும் பாய் கூடியது, வேகம் கூடியது. 2002 ரூட் டு ரம் பந்தயத்தில் 18 டிரைமரான்கள் புறப்பட்டன. முறிந்தும் கவிழ்ந்தும் மற்றவை வழியில் நிற்க, மூன்று மட்டுமே போய்ச் சேர்ந்தன. ஒன்றைப் பலப்படுத்தினால் சுமை அடுத்ததன்மேல் போய் விழும் என்பதை அந்த வாரம் லா ரோஷெல் முழுவதும் பேசினோம்.

11. நீர்ச்சிறகு வந்துவிட்டது, இனி அணியம் எதற்கு என்று கேட்பவரோடு பொறுமையாகப் பேசுங்கள்.

நீருக்கடியில் சிறகு படகைத் தூக்கும்போது அணியம் காற்றில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் சிறகு பிடிவிட்டால் அந்த உயரத்திலிருந்து விழுவது அணியம்தான், அதுவும் இரட்டை வேகத்தில். 2017இல் இறங்கிய மாக்ஸி எட்மண்ட் டி ரோத்சைல்ட், திறந்த கடலில் பறப்பதற்கென்றே வரைந்த 32 மீட்டர் டிரைமரான். 2018 ரூட் டு ரம் தொடங்கிய சில நாளிலேயே வலது மிதவையின் அணியம் பிய்ந்துபோயிற்று. அந்தப் பந்தயத்தில் ஃபிரான்சிஸ் ஜோய்யோன் ஐடெக் ஸ்போர்ட் படகில், 7 நிமிடம் 8 வினாடி வித்தியாசத்தில் வென்றார். அது 2006இல் க்ரூபாமா 3 என்ற பெயரில் இறங்கிய படகு. வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு மாலுமிகளோடு 2010, 2014, 2018 என்று மூன்று முறை அதே பந்தயத்தை வென்றது. புதுமைக்கு நான் எதிரியில்லை. ஆனால் அந்தப் பழைய படகின் உடல்கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

12. முட்டுவதற்கென்றே ஒரு பகுதியை விடுங்கள்.

அணியத்தின் நுனியை நுரை நிரப்பித் தனியாக ஒட்டுங்கள். நசுங்கினாலும் உள்ளே தண்ணீர் வரக்கூடாது. அதற்குப் பின்னால் நீர் புகாத தடுப்பு. தடுப்பில் கம்பிக்காகத் துளை போடச் சொல்லி யார் கேட்டாலும் கூடாது என்று சொல்லுங்கள், கேட்பவர் முதலாளியாக இருந்தாலும்.

13. திரையில் பார்த்ததைக் குளத்தில் பாருங்கள்.

கணினிக் கணக்கு செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பத்தில் ஒரு பங்கு மாதிரி ஒன்றும் செய்யுங்கள். 12 மீட்டர் படகு 1.2 மீட்டராகும். எடை ஆயிரத்தில் ஒரு பங்கு, 5 கிலோ. வேகம் பத்தின் வர்க்கமூலத்தால் குறையும். 10 நாட் என்பது 3.2 நாட்டுக்குச் சற்றுக் குறைவு, அதாவது கரையில் நீங்கள் விறுவிறுவென்று நடக்கும் வேகம். பாய்மரம் இருக்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டு, நீர்மட்டத்திலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் நூலைக் கட்டுங்கள். அணியத்தில் கட்டி இழுக்காதீர்கள், அது எதையும் சொல்லாது. நூலின் மறுமுனையை நீண்ட கம்பின் நுனியில் வைத்த வில்தராசில் மாட்டி, குளக்கரையோடு நடங்கள்.

முதலில் அரைக் கிலோ இழுப்பு. அணியம் எதுவரை இறங்குகிறது என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு ஒரு கிலோ. பிறகு கரையில் ஒருவரை நிறுத்திப் பலகையால் அலை கிளப்பச் சொல்லி, அலையைத் துரத்திக்கொண்டு நடங்கள். எந்த இழுப்பில் தளம் தண்ணீருக்குள் போகிறது, போனபின் நூல் எவ்வளவு இறுகுகிறது என்று எழுதுங்கள். பிறகு அணியத்துக்குள் 100 கிராம் ஈயத்தை வைத்து ஒருமுறை, அதையே அமரத்துக்கு மாற்றி இன்னொருமுறை. கடைசியாக இரண்டு டன் சாமானுக்கு ஈடாக 2 கிலோவை நடுவில் ஏற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். அந்தப் பென்சில் குறிகளை அழிக்காமல் மாதிரியை அப்படியே என்னிடம் எடுத்து வாருங்கள். வரைபடத்தை அப்புறம் விரிப்போம்.